பரண் மேல் இருந்த தீபாவளி

மேலமடத்து அம்மாவைத் தேடி வருகிறவர்கள் மனம் அடங்க வழி கேட்பார்கள். சிலர் சாவைப் பற்றிக் கேட்பார்கள். குத்தாலிங்கம் வெடியைப் பற்றிக் கேட்டார்.

“வெடி நமத்துப் போகாம வச்சிருக்க என்ன வழி, அம்மா?”

கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மாவு மில்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். சிரிப்பை அடக்கத் தோள்துண்டை வாயருகே கொண்டு போனார். அம்மா சிரிக்கவில்லை. கார்த்திகை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த திரியை முடித்துத் தட்டில் வைத்தார்.

“எந்த வெடி?”

“தீபாவளி வெடிதான்.”

“இந்தத் தீபாவளிக்கு வாங்கினதா?”

வெளியே ஐப்பசி மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“பழசு,” என்றார்.

அவர் அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்து, முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். மகள் வருவது நின்ற பிறகுதான் மடத்துக்கு வரத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை வருவார், கூடத்தைப் பெருக்குவார், ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். எதுவும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்த ஊர் மலையை ஒட்டிய ஊர். ஆனியில் சாரல் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. பிறகு சற்று வெயிலைக் காட்டிவிட்டு ஐப்பசியில் பெருமழை வந்துவிடும். அங்கே அப்பளம் எண்ணெயிலிருந்து இலைக்கு வருவதற்குள் தொய்ந்து போகும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். உப்பு ஜாடிக்குள் எப்போதும் கொஞ்சம் கடல் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு டப்பா வெடியை ஒரு மனிதர் வருஷக்கணக்கில் காப்பாற்றி வந்தார்.

எப்படிக் காப்பாற்றினார் என்பதை ஊரே அறியும். கடையில் இருந்ததிலேயே மூடி இறுகிய பெரிய தகர டப்பாவைத் தேர்ந்தெடுத்தார். முறுக்குச் சுட்டுப் போட்டு வைக்கிற டப்பா. தகரத்தின் அடி குளிர்ந்து வேர்க்கும் என்பதால், முதலில் கைக்குக் கிடைத்ததை அடியில் வைத்து ஒரு மெத்தை போல ஆக்கினார். அதன்மேல் செய்தித்தாள். அதன்மேல் வெடிகள். நான்கு மூலையிலும் துணியில் முடிந்த அடுப்புக்கரி. மறுபடியும் செய்தித்தாள். மூடியைப் போட்டு விளிம்பைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிவிடுவார்.

வெயில் காணும் நாட்களில் டப்பா கீழே இறங்கும். சரத்தையும் புஸ்வாணத்தையும் சங்குசக்கரத்தையும் சொளகில் பரப்பி, நேர் வெயில் ஆகாது என்று கொய்யா மரத்தின் அரை நிழலில் வைத்து, கையில் கம்போடு பக்கத்தில் காவல் இருப்பார். எதிர்ச் சலூன்காரர் கடையிலிருந்தே குரல் கொடுப்பார், அண்ணாச்சி வத்தல் போடுதாக, எண்ணெயைக் காய வைங்கப்பா என்று. டீக்கடையில் அவரைக் கண்டால், வெடியில் போட்ட ஊறுகாய் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாராவது கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

எல்லாம் மகள் செண்பகவடிவுக்கு. அவளுடைய தலை தீபாவளிக்கென்று சிவகாசிக்கு அவரே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தவை. அவள் வந்தாள். ஒரு வெடி வெடிப்பதற்குள் புருஷனோடு திரும்பிப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் ஏதோ பேச்சு வந்துட்டு என்று சொல்லி வைத்தார். யாரும் பேசாத பேச்சு அது.

அவள் ஒருநாள் வருவாள். வந்தால் அந்தத் தீபாவளியை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்கு வெடி வெடிக்க வேண்டும். அவர் நினைப்பில் இருந்தது இவ்வளவுதான்.

இந்த வருஷம் பங்குனியில் டப்பாவைத் திறந்தபோது மூலையில் இருந்த ஒரு சரத்தின் திரி, பாலில் ஊறிய ரொட்டிபோல விரலோடு வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவி உலகம்மாள் இந்தத் தீபாவளிக்கு நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தீபாவளிக்கும் அவள் வீட்டைவிட்டு வெளியே இருந்ததில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் பதில் இருந்திருக்கும். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க வெடியோட இருங்க. நான் போயிட்டு வாரேன்.”

வருவேன் என்றுதான் சொன்னாள். ஆனால் நல்ல சேலைகளை எல்லாம் எடுத்து மடித்ததை அவர் பார்த்தார்.

மகளே இங்கே வரட்டும், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று போனில் சொல் என்று அவர் கேட்டுப் பார்த்தார். உலகம்மாள் அடுத்த சேலையை மடித்தாள். வெடி மட்டும் நல்லபடியாக இருந்தால் மகளைக் கூப்பிட்டுவிடலாம், மகள் வந்தால் இவளும் போகமாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டார். அதனால்தான் இந்தக் கேள்வி.

“டப்பாவை எங்க வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?” என்றார் அம்மா.

“அடுக்களைப் பரண்ல. அடுப்புக்கு நேர் மேல. சூடு ஏறிக்கிட்டே இருக்குமில்லா.”

“நல்ல இடம்தான். அப்ப காஞ்சுதானே இருக்கணும்?”

குத்தாலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“அடுப்பு இப்ப அங்க இல்லம்மா. பின்கட்டுக்கு மாத்தியாச்சு.”

“ஏன்?”

“மேல வெடி இருக்குல்லா. நெருப்பு ஆகாதே.”

மாவு மில்காரரால் இந்தத் தடவை அடக்க முடியவில்லை. துண்டுக்குள் தும்முவதுபோல் சிரித்தார். அம்மா அடுத்த திரிக்குப் பஞ்சைப் பிய்த்தார்.

“சூடு வேணும்னு வெடியை அடுப்பு மேல வச்சீங்க.”

“ஆமா.”

“வெடி இருக்குன்னு அடுப்பை வெளிய அனுப்பிட்டீங்க.”

“ஆமா.”

“அடுக்களையில இப்ப என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. சும்மா கிடக்கு.”

“யாரு சமைக்கா?”

“உலகுதான்.”

“மழையிலயா?”

“தகரம் போட்டுக் குடுத்திருக்கேன்,” என்றார் குத்தாலிங்கம். சொன்னபிறகு அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, “புதுத் தகரம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா திரியைத் திரித்து முடித்தார். பிறகு, “நாளைக்கு மதியம் உங்க வீட்டுல சாப்பிடுதேன்,” என்றார்.

மாவு மில்காரர் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். அம்மா எந்த வீட்டிலும் கை நனைத்து யாரும் பார்த்ததில்லை.

வெடிக்கு வழி, என்று இழுத்தார் குத்தாலிங்கம். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது உலகம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அம்மா வெங்காயம் சேர்ப்பார்களா என்று. அவளுடைய துணிப்பை கட்டி முடித்துக் கதவோரம் இருந்தது. நாளை சாயங்காலம் பஸ்.

குத்தாலிங்கம் மறுநாள் காலையிலேயே அலமாரியைத் திறந்து வெள்ளி டம்ளரையும் பித்தளைச் செம்பையும் எடுத்துப் புளி போட்டுத் தாமே துலக்கினார். அந்த வேலையில் அவருக்கு நிகர் கிடையாது. கடையில் இருந்த காலத்தில், படியேறி வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே எவர்சில்வரா, பித்தளையா, அலுமினியமா என்று எடுத்து வைத்துவிடுவார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில் அவர் தவறியதே இல்லை.

அம்மா குடையோடு வந்தார். கூடத்தில் போட்டிருந்த பலகையைப் பார்த்தார், உட்காரவில்லை. நேரே அடுக்களைக்குள் போனார்.

உள்ளே மழை இல்லை, ஆனால் மழையின் வாசனை இருந்தது. சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை ஏறியிருந்தது. மேடையில் அடுப்பு இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. குத்தாலிங்கம் பரணைக் காட்டினார். டப்பாவின் விளிம்பில் மெழுகு நகைபோல இருந்தது. அம்மா சுவரைத் தொட்டு, விரலைப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்வாசலைக் கடந்தார்.

பின்கட்டில் தகரத்தின் கீழ் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்துகொண்டிருந்தது என்று சொல்வதைவிட, அணையாமல் இருந்தது என்று சொல்லலாம். காற்று வந்த பக்கம் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கேடயம்போல் இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் உலகம்மாள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். தகர விளிம்பிலிருந்து தண்ணீர் அவள் முதுகுப் பக்கம் ஒழுகியது. இருமல் வரும்போதெல்லாம் தாம்பாளம் ஆடியது, தாம்பாளம் ஆடியபோதெல்லாம் தீ படுத்து எழுந்தது.

அம்மா அவள் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

குத்தாலிங்கம் அடுக்களைக்குள்ளேயே நின்றுவிட்டார். வெளியே போகலாமா, கூடத்துக்குப் போகலாமா என்று தெரியவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே பெண்கள் இருவரும் பேசுவது கேட்டது. அவர் அங்கே நிற்பது உலகம்மாளுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினாள் என்று அவருக்குப் பிறகு தோன்றியது. குழம்புக்குப் பக்குவம் சொல்கிற குரலில் பேசினாள்.

மகள் தானே பார்த்துக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள். மாப்பிள்ளை பொன்னுதுரை பள்ளிக்கூட வாத்தியார், சாந்தமான பையன் என்றாள். அவன் என்ன சாதி என்பதை இவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லாமலே ஒரு வருஷம் மகளோடு பேசாமல் இருந்தார் என்றாள். பிறகு தானே அழுது மன்றாடித் தலை தீபாவளிக்குக் கூப்பிட வைத்ததைச் சொன்னாள். கூப்பிட்டதும் இவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், சிவகாசிக்குப் போய் வந்தார், மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்தார் என்றாள். இருட்டுப் பிரியாத நேரத்தில் இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்களாம். எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாளாம்.

“குளிக்க முன்னாடி காப்பி குடிக்கட்டும்னு போட்டேன். டம்ளர் எல்லாம் கழுவி வரிசையா வச்சிருந்தேன், அம்மா. பாத்திரக்கடைக்காரர் வீட்டுல டம்ளருக்கா பஞ்சம்? இவுக ஒரு காகிதக் கப்பைக் கொண்டுவந்து என் முன்னால வச்சாக. மாப்பிள்ளைக்கு இதுல ஊத்துன்னாக.”

குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது.

“நான் ஊத்தினேன்,” என்றாள் உலகம்மாள். “நானும்தான் ஊத்தினேன்.”

மாப்பிள்ளை பாதி குடித்துவிட்டு, காப்பி நல்லா இருக்கு அத்தை என்றாராம். செண்பகவடிவு தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், அப்பா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், புருஷன் கையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த காகிதக் கப்பை வாங்கி மீதிக் காப்பியைத் தான் குடித்தாள். பின்கட்டுக் குழாயில் அதைக் கழுவினாள். டம்ளர்களோடு டம்ளராக மேடையில் கவிழ்த்து வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா என்றாள். வந்து பையைக்கூட இறக்கி வைத்திருக்கவில்லை.

அடுக்களைக்குள் நின்றவருக்கு அந்தக் கப் கவிழ்ந்திருந்த இடம் கண்ணுக்கு எதிரே இருந்தது. அன்றைக்கு டம்ளர் போதவில்லை என்று அவர் இத்தனை வருஷமாகத் தமக்குத் தாமே சொல்லி வந்தார். இப்போது வெளியே போய் அதைச் சொல்லலாம். போகவில்லை.

“அப்புறம் பேசுதாளா?” அம்மா கேட்டார்.

“தினம் போன் பண்ணுவா. எடுத்ததும் ஒண்ணுதான் கேப்பா. அப்பா ஏதும் சொன்னாகளாம்மா, அப்படின்னு.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“உள்ளதைச் சொல்லுவேன். வெடியக் காயப் போட்டிருக்காகன்னு சொல்லுவேன். வெயில் இல்லாத நாள்ல, வெடியத் தூக்கிப் பரண்ல வச்சிருக்காகன்னு சொல்லுவேன்.”

அதற்குமேல் இருமல் மட்டும் கேட்டது.

அம்மா சாப்பிட உட்கார்ந்தார். குத்தாலிங்கம் வெள்ளி டம்ளரில் தண்ணீர் வைத்தார். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி இது?”

“பெரியவுகளுக்கு அதுலதானே…” என்று தொடங்கிய குத்தாலிங்கம் முடிக்கவில்லை. அம்மா குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார். அது தரையைத் தொட்ட சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

கை கழுவியதும், “வெடியைக் காட்டுங்க,” என்றார்.

குத்தாலிங்கம் ஸ்டூலைப் போட்டு ஏறி, டப்பாவைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்கினார். மழை விட்டிருந்த நேரம். கொய்யா மரத்தடியில் முற்றம் கறுப்பாக ஈரமாக இருந்தது. மெழுகைச் சுரண்டி மூடியை நெம்பினார். உள்ளிருந்து வந்தது மருந்து வாசனை அல்ல, பழைய துணி மூட்டையின் வாசனை.

மத்தாப்புக் கம்பிகளில் துரு ஏறி, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. சங்குசக்கரங்கள் தொட்டால் அழுந்தின. சரத்தின் சிவப்புத் தாள் சாயம் போய் ரோஸ் நிறத்தில் செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. பங்குனியில் பார்த்தபோது இப்படி இல்லை என்றார் குத்தாலிங்கம். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஒரு மூலைதான் போச்சு என்று நினைத்தேன் என்றும் சொன்னார்.

அவரே ஒரு புஸ்வாணத்தை எடுத்து முற்றத்து நடுவில் வைத்தார். ஊதுபத்தியைக் கொளுத்தி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்ற வைத்தார். வழக்கம்போல எட்டிப் பின்னால் வந்தார், முழங்கால் வலியையும் மறந்து. புஸ்வாணம் ஒரு பெருமூச்சு விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு நூல் புகை எழுந்து, கொய்யா இலை வரைக்கும் போகாமல் கலைந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்று வைத்தார். அதுவும் அப்படியே.

ஓர் ஓலைவெடியை வைத்தார். திரி எரியவே இல்லை. ஊதுபத்தியின் கங்குதான் அணைந்தது.

உலகம்மாள் பின்வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரயாணத்துக்கு உடுத்தியிருந்தாள். தோளில் பை தொங்கியது. கையில் போன். அவள் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“அடியில இருக்கறது நல்லா இருக்கும்,” என்றார் அவர். “அடியிலதான் ஈரம் எட்டாது. மெத்தை போட்டிருக்கேன்லா.”

டப்பாவைக் கவிழ்க்காமல், கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கரிமுடிச்சுகள் வந்தன. தண்ணீர் குடித்துக் கனத்திருந்தன. செய்தித்தாள் வந்தது, அதன்கீழ் இன்னொரு செய்தித்தாள். மகள் போன மறுநாள், வீட்டில் யாரோடும் பேசாமல், கைக்குக் கிடைத்ததை அடியில் போட்டு அடுக்கிய நாள் அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குப்பின் எத்தனை தடவை டப்பாவை இறக்கியும் மேல்தாளைத்தான் மாற்றினார். கடைசித் தாளைத் தூக்கியதே இல்லை.

தூக்கினார்.

அடியில் பாலித்தீன் உறைக்குள் நீளவாக்கில் ஒரு கட்டுக் காகிதக் கப்புகள் கிடந்தன. உறையின் வாய் கிழிக்கப்பட்டு, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி இருந்தது. அதில் ஒன்றுதான் குறைவு. ஆயுசு முழுவதும் பாத்திரம் விற்ற மனிதர், தெரிந்த கடையில் வாங்கக் கூச்சப்பட்டு, சிவகாசியில் வெடி வாங்கிய கையோடு அங்கேயே வாங்கி வந்த கட்டு.

படியில் நின்ற உலகம்மாளுக்கும் அது தெரிந்தது.

“இதையுமா வச்சிருந்தீக?” என்றாள்.

“தகரம் வேர்க்கும்னு…” என்றார் குத்தாலிங்கம். “அடியில ஏதாவது வேணுமேன்னு…”

அம்மா குனிந்து கட்டை எடுத்தார். ரப்பர் வளையத்தை இழுத்ததும் அது அறுந்து விழுந்தது. உறைக்குள்ளிருந்து ஒரு கப்பை உருவினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. விளிம்பை இரண்டு விரலால் அமுக்கினார். வளைந்தது, விட்டதும் விறைப்பாக நிமிர்ந்தது. நகத்தால் சுண்டினார். டக்கென்று சத்தம் வந்தது.

“இது நமத்துப் போகவே இல்ல, அண்ணாச்சி.”

குத்தாலிங்கம் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைவதை அவர் கவனிக்கவில்லை. சுற்றிலும் சரமும் சக்கரமும் மத்தாப்பும் இறைந்து கிடந்தன. தூறல் மறுபடியும் தொடங்கியது. வழக்கமாக ஒரு சொட்டு விழுந்தாலே சொளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிற மனிதர், வெடிகள்மேல் தூறல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் கரைந்து மண்ணில் மெல்லிய சிவப்பாக ஓடியது.

உலகம்மாளின் கையில் போன் அடித்தது.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன் என்றாள். ஆமா, மழைதான் என்றாள். பிறகு பேச்சு நின்றது. மகள் என்ன கேட்கிறாள் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

தினமும் சொல்லுகிற பதில் உலகம்மாளிடம் இன்றைக்கு இல்லை. முற்றத்தைப் பார்த்தாள். போனின் வாயை உள்ளங்கையால் பொத்தி, படியிறங்கித் தூறலுக்குள் வந்து, புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

“கேக்கா,” என்றாள். “என்ன சொல்ல?”

குத்தாலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“வெடி எல்லாம் போச்சுன்னு சொல்லட்டுமா, அம்மா?”

அம்மா காகிதக் கப்பை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இதைச் சொல்லுங்க.”